கூட்டுப்படமும் குற்றம் காணும் அவையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



யாப்பு என்னும் சொல்லுக்குக் கட்டுதல் என்பது பொருள். எழுத்தை அசையாக, அசையைச் சீராக, சீரை அடியாகக் கட்டிச் செல்லும் செயலுக்குத் தமிழர் இட்ட பெயர் அது. ஒளிப்படக் கலையிலும் இத்தகைய கட்டுதல் ஒன்று உண்டு. வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களின் பகுதிகளைச் சேர்த்து ஒரே காட்சியாக ஆக்குவது அது. அவ்வாறு ஆக்கப்பட்டதைக் கூட்டுப்படம் எனலாம். ஒளிப்படக் கழகங்களின் மாதக் கூட்டங்களில் உறுப்பினர் தம் படங்களைத் திரையிலோ சுவரிலோ வைப்பதும், பிறர் அவற்றைப் பற்றிக் கருத்துரைப்பதும் நெடுநாள் வழக்கம். அங்குக் கூட்டுப்படம் ஒன்று வந்து நிற்கும்போது எதைச் சொல்ல வேண்டும், எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

கவிஞர் கூடிய அவையில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒரே நொடியில் எடுத்த படத்தில் தற்செயலுக்கும் பங்குண்டு. மேகம் வந்தது; பறவை பறந்தது; படம் அமைந்தது. குறை நேர்ந்தாலும், வெயில் மங்கிவிட்டது என்று இயற்கையின்மேல் பழியை ஏற்றிவிடலாம். கூட்டுப்படத்தில் அந்தப் புகலிடம் இல்லை. வானம், நிலம், மரம், மனிதன், நிழல் ஆகிய அனைத்தும் படைத்தவரே தேர்ந்து வைத்தவை. ஆகவே அப்படத்தின் குறையைச் சொல்வது அவருடைய எண்ணத்தின் குறையைச் சொல்வதாகவே அவர் செவியில் விழும். கவிதையும் அத்தகையதே. அதில் ஒரு சொல்லும் தானாக வந்து அமர்ந்ததன்று. எனவே கூட்டுப்படத்துக்கு மதிப்புரை கூறும் நெறி, கவிதைக்குக் கருத்துரை கூறும் அவைக்கும் பயன்படுவதாகும்.

கூட்டுப்படத்தின் தோற்றம்

கூட்டுப்படம் கணிப்பொறியோடு பிறந்தது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. 1850களில் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் கரைசலைப் பூசிப் படமெடுத்தனர். அத்தகடு நீல ஒளியை மிகுதியாகவும், பச்சை, சிவப்பு ஒளிகளை மிகக் குறைவாகவும் ஏற்கும் இயல்புடையது. நிலத்துக்குப் போதிய ஒளியை விட்டால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் பதியும் அளவில் ஒளியை நிறுத்தினால் நிலம் இருண்டுவிடும். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே 1856, 1857ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். கண் கண்டதைத் தகடு காணாதபோது, கண்ணுக்கு நேர்மை செய்யவே இரு தகடுகள் வேண்டியிருந்தன. கூட்டுப்படம் பொய்க்காகப் பிறந்ததன்று என்பதற்கு இது தக்க சான்று.

ரெய்லாண்டர் பெற்ற தீர்ப்பு

லெ கிரே இரண்டு தகடுகளை இணைத்த அதே 1857ஆம் ஆண்டில், முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை இணைத்து ஒரு படம் இங்கிலாந்தில் உருவாயிற்று. அதை உருவாக்கியவர் ஆஸ்கர் குஸ்தாவ் ரெய்லாண்டர். சுவீடன் நாட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர், அந்நாளில் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் ஒளிப்பட நிலையம் நடத்தியவர். 'வாழ்வின் இரு வழிகள்' என்பது அப்படத்தின் பெயர். நடுவே முதியவர் ஒருவர் இரண்டு இளைஞரை உலகினுள் அழைத்து வருகிறார். ஒருவன் இன்பக் களியாட்டத்தின் பக்கம் சாய்கிறான். மற்றவன் உழைப்பும் கல்வியும் அருளும் நிறைந்த பக்கம் திரும்புகிறான். உருவங்களைத் தனித்தனியே, சிறு சிறு குழுக்களாகப் படமெடுத்து, தாளின் பிற பகுதிகளை மூடிவைத்து, ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய இடத்தில் மட்டும் ஒளிபடச் செய்து அச்சிட்டார். ஓரிடத்தில் கை தவறினாலும் முழுத்தாளும் வீண். அந்தப் பணிக்கு ஆறு வாரங்கள் ஆயின.

மான்செஸ்டரில் 1857இல் நடந்த கலைச்செல்வக் கண்காட்சியில் அப்படம் வைக்கப்பட்டது. விக்டோரியா அரசியார் அதன் படி ஒன்றைப் பத்துக் கினி கொடுத்து வாங்கினார். மறுபுறம், ஸ்காட்லாந்து ஒளிப்படக் கழகம் அதைத் தன் கண்காட்சியில் மாட்ட மறுத்தது. படத்தில் ஆடையற்ற உருவங்கள் இருந்தமையே காரணம். பின்னர் களியாட்டப் பாதி மறைக்கப்பட்டு, மற்றைப் பாதி மட்டும் அங்குக் காட்டப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறும். இரண்டு வழிகளைக் காட்டும் படத்தில் ஒரு வழியை மூடிவிட்டால் எஞ்சுவது என்ன? தேர்வே இல்லாத இடத்தில் நல்வழியைத் தேர்ந்தான் என்பதற்குப் பொருள் இல்லை.

1858 ஏப்ரலில் லண்டன் ஒளிப்படக் கழகத்தின் முன் ரெய்லாண்டரே சென்று, அப்படத்தை எவ்வாறு அமைத்தார், ஏன் அமைத்தார் என்று விரிவாகக் கட்டுரை படித்தார். தம் பட்டறையின் கதவைத் திறந்து காட்டினார் எனலாம். எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1863இல் தாமஸ் சட்டன் என்னும் ஒளிப்பட அறிஞர், ஓவியத்தில் ஆடையற்ற உருவம் தகும், ஒளிப்படத்தில் அது தகாது என்று வாதிட்டதோடு, படத்துக்கு உருவம் தந்த பெண்களின் ஒழுக்கத்தையே இழித்துரைத்தார். விமரிசனம் படத்தை விட்டு இறங்கி, படத்தில் நின்றவர்களின்மேல் பாய்ந்த இடம் அது.

அப்படத்தைப் பற்றிக் கேட்பதற்குத் தக்க கேள்விகள் பல இருந்தன. இத்தனை உருவங்களின்மேலும் ஒளி ஒரே திசையிலிருந்து விழுகிறதா? பின்னால் நிற்போரின் அளவு தொலைவுக்கு ஏற்பக் குறைகிறதா? களியாட்டப் பாதி கண்ணை மிகுதியாக ஈர்ப்பதால் அறத்தின் பாதி தளர்கிறதா? நடுவில் நிற்கும் முதியவரிடம் பார்வை முதலில் செல்கிறதா? இவற்றுள் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும் ரெய்லாண்டர் அடுத்த படத்துக்கு ஒரு வழி கண்டிருப்பார். மாட்டமாட்டோம் என்னும் மறுப்பில் அவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

1859இன் தொடக்கத்தில் அவர் தம் நண்பர் ஹென்றி பீச் ராபின்சனுக்கு ஒரு மடல் எழுதினார். பொதுமக்களுக்காகப் படம் செய்வதில், அதிலும் கூட்டுப்படம் செய்வதில், சலிப்புற்றுவிட்டதாகவும், ஊதியமும் இல்லை, மதிப்பும் இல்லை, குற்றம் பிடிப்பதும் திரித்துக் கூறுவதுமே உண்டு என்றும் அதில் மனம் நொந்து உரைத்தார். அவர் கலையை முற்றும் துறந்துவிடவில்லை. பின்னாளில் சிறு கூட்டுப்படங்கள் சிலவும் செய்தார். 1872இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட, மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறை பற்றிய நூலுக்கு முகபாவப் படங்கள் எடுத்து உதவினார். ஆயினும் 'இரு வழிகள்' போன்ற பெரும்படைப்பு மீண்டும் அவர் கையிலிருந்து வரவில்லை. 1875இல் அவர் மறைந்தார். ஓர் அவை தன் சொல்லால் எதை இழக்கக்கூடும் என்பதற்கு இவ்வரலாறு அழியாத எடுத்துக்காட்டு.

ராபின்சன் வகுத்த இலக்கணம்

மடலைப் பெற்ற ராபின்சனும் கூட்டுப்படக் கலைஞரே. 1858இல் அவர் ஐந்து தகடுகளைக் கொண்டு 'மங்கி மறைதல்' என்னும் படத்தை அமைத்தார். நோயுற்ற இளம்பெண் ஒருத்தி சாய்விருக்கையில் கிடக்கிறாள். அருகே பெண்கள் இருவர் இருக்க, ஆடவர் ஒருவர் முதுகு காட்டிச் சாளரத்தின் வழியே வெளியே நோக்கி நிற்கிறார். மரணத்தறுவாயைப் படமாக்குவது மனத்தை வருத்தும் செயல் என்று சிலர் சினந்தனர். அதில் கிடந்தவள் நோயற்ற நல்ல உடல்நலமுடைய சிறுமி என்பதும், படம் ஐந்து பகுதிகளின் சேர்க்கை என்பதும் தெரிந்தபோது வேறு சிலர் அதனை ஒட்டுவேலை என்று இகழ்ந்தனர். அதே சாக்காட்டை ஓவியர் தீட்டியிருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஒளிப்படம் என்றால் நடந்ததே இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இங்கே இடறியது.

ராபின்சன் வேறொரு வழியில் விடை கூறினார். 1869இல் 'ஒளிப்படத்தில் ஓவியப் பாங்கு' என்னும் பொருளில் ஒரு நூலை வெளியிட்டு, கூட்டுப்படம் செய்யும் முறையையும் அதில் விளக்கினார். இணைப்புகளை உருவங்களின் இயல்பான விளிம்புகளிலும் இருண்ட பகுதிகளிலும் வைத்து மறைக்க வேண்டும். நிலத்தின்மேல் ஒரு திசையிலிருந்தும் வானத்தின்மேல் வேறு திசையிலிருந்தும் ஒளி விழலாகாது. இயற்கையில் ஒருங்கே நிகழ முடியாதவற்றை ஒன்றாகச் சேர்த்தலாகாது என்பன போன்ற நெறிகள் அந்நூலின் சாரம். இகழ்ச்சியாக வந்ததை இலக்கணமாக மாற்றிக் கொடுத்தமை அவருடைய பெருந்தொண்டு. ஒட்டுவேலை என்னும் ஒரு சொல்லால் எவரும் திருந்த இயலாது. இணைப்பு எங்கே தெரிகிறது, ஏன் தெரிகிறது என்று கூறினால் எவரும் திருந்தலாம்.

முதற்கேள்வி: எவ்வகைப் படம்?

கூட்டுப்படத்தைப் பற்றி வாய் திறக்குமுன் அஃது எந்த வகையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிதல் வேண்டும். நாளிதழ்ச் செய்திப்படத்தில் ஒரு மனிதனைச் சேர்ப்பதும் நீக்குவதும் பொய். இயற்கைப் படப் பிரிவிலும் அவ்வாறே. பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பும் அமெரிக்க ஒளிப்படக் கழகமும் ஏற்றுள்ள வரையறை, இயற்கைப் பிரிவில் எதையும் புதிதாகச் சேர்ப்பதையோ இருந்ததை நீக்குவதையோ அனுமதிப்பதில்லை. திறந்த பிரிவில் கூட்டுப்படத்துக்குத் தடை இல்லை. ஆனால் சேர்க்கப்படும் பகுதிகளும் படைத்தவர் தாமே எடுத்தனவாக இருத்தல் வேண்டும். கணிப்பொறி தானே புனைந்து தரும் உருவங்கள் பெருகிவிட்ட இன்று இவ்விதி முன்னைவிட இன்றியமையாததாகியிருக்கிறது.

ஆகவே, ஒருவர் தம் கூட்டுப்படத்தை நேரிற்கண்ட காட்சி என்று கூறி வைத்தால், அதை வெளிப்படையாகச் சுட்டுவது அவையின் கடமை. அங்கே மென்மை தவறு. கூட்டுப்படம் என்றே கூறி வைத்தவரிடம், இது நடந்ததா என்று கேட்பது பொருளற்றது. காப்பியத்தைப் படித்துவிட்டு, இது நடந்ததா என்று கேட்பது போன்றது அது. இந்த ஒரு வேறுபாட்டை மறந்தமையால் எத்தனையோ கூட்டங்கள் சண்டையில் முடிந்திருக்கின்றன.

நிலவு என்னும் சோதனை

எடுத்துக்காட்டு ஒன்றால் இதை விளக்கலாம். கழகம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் புதிய உறுப்பினர் ஒருவர் ஒரு கூட்டுப்படத்தை வைக்கிறார் என்று கொள்ளலாம். ஏரியில் ஓடம், அதில் தனித்த முதியவர், பின்னால் பொன்னிறச் செக்கர் வானம், அவ்வானில் படத்தின் உயரத்தில் கால்பங்கு அளவுக்குப் பெருத்த முழுநிலவு. முதியவரின் தனிமைக்கு நிலவு துணை என்பது கருத்து. அவை முதலில் வியக்கும். பின்னர் எங்கோ ஒன்று உறுத்தும். எது உறுத்துகிறது என்று சொல்ல முடியாதவர், செயற்கையாக இருக்கிறது என்பார். அச்சொல் உண்மையாயினும் பயனற்றது. உறுத்தலின் காரணத்தைத் தேடிக் கண்டு சொல்வதே மதிப்புரை.

முழுநிலவு என்பது கதிரவனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலவு. கதிரவன் மேற்கில் மறையும் வேளையில் அது கிழக்கில் எழும். ஆகவே செக்கர் வானத்தின் நடுவே முழுநிலவு நிற்க இயலாது. இது முதல் முரண். நிலவின் விட்டம் வானில் ஏறத்தாழ அரைப்பாகையே. 50 மில்லிமீட்டர் வில்லையால் எடுத்தால் 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த புள்ளியாகவே விழும். படத்தின் உயரத்தில் கால்பங்கு நிறைய வேண்டுமானால் ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் வில்லை வேண்டும். அத்தகைய வில்லையில் ஓடம் முழுதும் அடங்க, படமெடுப்பவர் நூறு மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். இங்கேயோ ஓடத்தின் முனை பெருத்தும் பின்புறம் சிறுத்தும் தெரிகிறது. அகன்ற கோண வில்லையால் மிக அருகிலிருந்து எடுத்தமைக்கு அஃது அடையாளம். இது இரண்டாம் முரண். நீரில் வானத்தின் நிறம் விழுந்திருக்கிறது. நிலவின் ஒளித்தடம் விழவில்லை. இது மூன்றாம் முரண்.

நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறல் என்பது ஒன்று. முன் கூறியதற்குப் பின் கூறுவது முரண்படல் அது. கூட்டுப்படத்தின் பெரும்பாலான குறைகள் இதனுள் அடங்கும். ஒளியின் திசை, ஒளியின் கடுமை, நிறத்தின் வெம்மை, பார்வையின் உயரம், உருவங்களின் அளவு, தெளிவும் மங்கலும், தொலைவில் படரும் மென்புகை, பொருள் தரையைத் தொடும் இடத்து நிழல் ஆகிய இவற்றுள் ஒரு பகுதி சொல்வதை மற்றொரு பகுதி மறுத்தால் பார்ப்பவரின் நம்பிக்கை உடைகிறது. காரணம் தெரியாவிட்டாலும் கண் அதை உணர்ந்துவிடும்.

இனித் திருத்தம். மேற்சொன்ன உறுப்பினருக்கு இரண்டு வழிகளைக் காட்டலாம். செக்கர் வானமே வேண்டுமெனில், கதிரவன் மறைந்தபின் மேற்கில் நிற்கும் மெல்லிய பிறையை வைக்கலாம். அதன் ஒளிப்பக்கம் கதிரவன் மறைந்த திசையை நோக்கியிருக்க வேண்டும். முழுநிலவே வேண்டுமெனில், பொன்வானத்தை நீக்கிக் கிழக்கின் மங்கிய நீலத்தை வைத்து, நீரில் ஒளித்தடத்தையும் விழச் செய்யலாம். முன்னது மெலிந்த துணை. பின்னது நிறைந்த துணை. முதியவரின் தனிமைக்கு எது ஏற்றது என்பதை அவரே தேர்ந்துகொள்வார். அந்தத் தேர்வை அவையினர் பறித்துக்கொண்டால் அடுத்த மாதம் வரும் படம் அவையின் படமாகுமே தவிர அவருடைய படமாகாது.

இல்பொருளும் பிழையும்

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. கலையில் இயற்கைக்கு மாறானது இருக்கக்கூடாதா? கவிஞர்க்கு இதற்கு விடை தெரியும். உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கும் இல்பொருள் உவமையைத் தமிழ் அணியிலக்கணம் ஏற்றுப் போற்றுகிறது. ஒளிப்படத்தில் அதைச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் ஜெர்ரி யூல்ஸ்மன். 1934இல் பிறந்து 2022இல் மறைந்த அவர், புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். இருட்டறையில் பல உருப்பெருக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒரே தாளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தி அச்சிட்டார். வேரோடு காற்றில் மிதக்கும் மரம், கூரையின் இடத்தில் வானம் விரிந்த அறை என அவர் காட்டிய உலகம் எங்கும் இல்லாதது. 1967இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய படைப்புகளைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தது. படத்தை அடுக்கடுக்காக வைத்துத் திருத்தும் வசதி 1994இல் அதில் சேர்ந்தது. அதன் பின்னும் யூல்ஸ்மன் இருட்டறையை விட்டு வரவில்லை.

அவருடைய மிதக்கும் மரத்தை எவரும் பிழை என்பதில்லை. ஏனெனில் அந்த மரத்தைத் தவிர மற்ற அனைத்தும் இயற்கைக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. மரத்தின்மேல் விழும் ஒளியும் நீரின்மேல் விழும் ஒளியும் இசைகின்றன. நிறச்செறிவு ஒன்றாக இருக்கிறது. விளிம்பு உறுத்துவதில்லை. மீறல் ஒன்றே ஒன்றாக, நடுவில், அஞ்சாமல் நிற்கிறது. ஆகையால் பார்ப்பவர் அதைப் பொருளாகக் கொள்கிறார். சிறுசிறு மீறல்கள் மூலைகளில் சிதறிக் கிடந்தால் அவற்றைக் கவனக்குறைவாகவே கொள்வார். துணிவையும் பிழையையும் பிரித்தறிய இதுவே அளவுகோல். ஐயம் எழுந்தால் படைத்தவரிடமே கேட்டுவிடலாம்: நிலவு இங்கே நிற்பது வேண்டுமென்றே செய்ததா? வேண்டுமென்றே எனில், அது பார்ப்பவர்க்குப் புலப்படும்படி இன்னும் துணிந்து செய்யலாமே என்று கூறலாம். அறியாமல் எனில், மேற்சொன்ன திருத்தங்களைக் கூறலாம். ஒரே குறைக்கு இரண்டு நேர் எதிரான மருந்துகள். கேளாமல் மருந்து கொடுப்பது தகாது.

சொல்லும் முறை

மதிப்புரையின் ஒழுங்கைப் பற்றி அறிஞர் சிலர் சிந்தித்திருக்கின்றனர். அமெரிக்கக் கலைக்கல்வி அறிஞர் எட்மண்ட் ஃபெல்ட்மன் நான்கு படிகளைக் கூறினார். விவரித்தல், பகுத்தாய்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடல் என்பன அவை. மதிப்பீடு இறுதிப்படி என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பெரும்பாலான அவைகள் அதிலேதான் தொடங்குகின்றன. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை வேறு. முதலில் பார்த்தவர்கள் தம் உள்ளத்தைத் தொட்டவற்றைக் கூறுவர். அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களை அவையிடம் கேட்பார். பின்னர் அவையினர், தம் கருத்தைக் கேள்விக்குள் ஒளித்துவைக்காமல் நடுநிலைக் கேள்விகளைக் கேட்பர். இறுதியில், படைத்தவர் இசைந்தால் மட்டும், தம் கருத்தைக் கூறுவர். நடனத்துக்காகத் தோன்றிய இம்முறை கூட்டுப்படத்துக்கு மிகவும் ஏற்றது. அதில் படைத்தவரின் நோக்கமே முதலில் தெளிய வேண்டியது.

சொற்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஒட்டியது தெரிகிறது என்பதைவிட, முதியவரின் இடத்தோளின் ஓரத்தில் மெல்லிய வெண்கோடு தெரிகிறது. ஒளிமிக்க பகல் வானத்தின் முன் எடுத்த உருவம் ஆதலால் அவ்வொளி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெட்டிய விளிம்பைச் சற்றே உள்ளே இழுத்தால் மறையும் என்பது பயன்படும். படத்தில் உயிர் இல்லை என்பதைவிட, முதியவரின் பார்வை சட்டகத்துக்கு வெளியே செல்கிறது. அதனால் நிலவுக்கும் அவருக்கும் தொடர்பு ஏற்படவில்லை என்பது பயன்படும். முதற்கூற்றுகள் தீர்ப்புகள். பிற்கூற்றுகளில் இடம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, திருத்தும் வழியும் இருக்கிறது. இவை மூன்றும் இல்லாத சொல்லை அவையில் சொல்லாமல் விடுவதே நன்று.

புகழ்ச்சிக்கும் இவ்விதி பொருந்தும். அருமை, அற்புதம் என்பன கேட்பவரை மகிழ்விக்கும். அவர் கையில் ஒன்றையும் கொடுக்கமாட்டா. துடுப்பு நீரைத் தொடும் இடத்தில் வைத்த கரிய நிழல்தான் ஓடத்தை நீரின்மேல் அமர்த்துகிறது என்று சொன்னால், தாம் எதைச் சரியாகச் செய்தார் என்பதை அவர் அறிவார், மீண்டும் செய்வார். நன்னூல் பத்துக் குற்றங்களோடு நின்றுவிடவில்லை. பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறது. அழகுக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவரே குற்றத்துக்குப் பெயர் சொல்லத் தகுதியுடையவர்.

அளவும் ஒரு பண்பே. ஒரு படத்தில் ஒன்பது குறை கண்டாலும் அவையில் இரண்டைச் சொன்னால் போதும். அவ்விரண்டும் படத்தின் பொருளைத் தாக்குவனவாக இருக்கட்டும். எஞ்சிய கைத்தொழிற் குறைகளைக் கூட்டம் முடிந்தபின் அருகமர்ந்து சொல்லலாம். மதிப்பெண் மட்டும் கொடுத்து அனுப்புவது எவர்க்கும் பயன்படாது. பத்துக்கு ஆறு என்றால் குறைந்த நான்கு எங்கே போயிற்று என்பது எண்ணில் இல்லை. சட்டன் செய்த தவற்றையும் மறத்தலாகாது. படத்தில் நிற்போரின் தோற்றமும் ஒழுக்கமும் அவையின் பேச்சுக்கு உரியன அல்ல.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் மறுப்பு எழுப்புபவர் எதையும் பெறார். குறித்துக்கொண்டு வீடு சென்று படத்தை மீண்டும் பார்ப்பவர், சொன்னவற்றுள் பாதியைத் தள்ளினாலும் மீதியால் வளர்வார். எனினும் பொறுப்பின் பெரும்பங்கு பேசுபவருடையதே. அவை பழையது, வந்தவர் புதியவர்.

நிறைவாக

2018இல் லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் விக்டோரியா காலத்து ஒளிப்படக் கலைஞர் நால்வரைப் பற்றிய கண்காட்சி நிகழ்ந்தது. அவருள் ரெய்லாண்டரும் ஒருவர். மறுஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தனியே காட்சிக்கு வைத்தது. ஒரு காலத்தில் மாட்ட மறுக்கப்பட்ட கலைஞர் இன்று முன்னோடி என்று போற்றப்படுகிறார். அந்தப் போற்றுதல் அவருக்கு எட்டாது. ஆறு வாரம் உழைத்துவிட்டுத் தம் கழகத்தாரின் முகத்தைப் பார்த்து நின்ற அந்நாளில், இந்த உருவத்தின்மேல் ஒளி வலப்புறமிருந்து வருகிறதே, அந்த உருவத்தின்மேல் ஏன் அவ்வாறு வரவில்லை என்று ஒருவர் பரிவோடு கேட்டிருந்தால் அது அவருக்கு எட்டியிருக்கும்.

ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கோ ஓர் ஓரத்தில் முதன்முறையாகத் தம் படைப்பைக் கொண்டுவந்தவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் மறுமுறை வருவதும் வராததும் அன்றைய சில சொற்களைப் பொறுத்தது. படத்தைக் கட்டியவரும் பாட்டைக் கட்டியவரும் அவையிடம் எதிர்பார்ப்பது ஒன்றே: கட்டு எங்கே தளர்ந்திருக்கிறது என்று காட்டுங்கள், அவிழ்த்து எறிந்துவிடாதீர்கள். பத்தாண்டுகளாகப் பிறர் பாட்டைச் செவிமடுத்து வந்த இவ்வட்டம் அந்தப் பண்பில் மேலும் சிறந்து ஓங்குக.